அபூ ஜுமானாவின் காலைக் குறிப்புகள்

பேருந்தின் படியில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு உம்மு ஷாஹிர் கைபேசியில் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். நகரின் தபர்பூர் பகுதிச் சரிவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவர் உம்மு ஷாஹிர், அதாவது ஷாஹிரின் அம்மா; அப்பா என்றால் அபூ. ஜுமானா அவர் முன்னால் புதுப் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய சித்தப்பா ரஜாயி. இந்தத் தெருமுனைவரை அவளைக் கூட்டிவருவது அவனுடைய அண்ணனும் அவளுடைய அப்பாவுமான அத்னானின் வேலையாக இருந்தது. ஜூன் தொடக்கத்தில் அத்னான் தன் உதிரிபாகக் கடையில் ஒரு பெட்டியைத் தூக்கும்போது சரிந்து விழுந்து இறந்துபோனார். ஜுமானாவின் அம்மா இன்ஸாஃபுக்கு இத்தா எனும் கைம்மைத் துக்கக் காலம் முடியவில்லை, வெளியே வரமாட்டாள். ஆகவே ரஜாயி வந்திருந்தான்.

"ஜுமானா பேரு இதுல இல்லையே."

"சரியாப் பாருங்க, உம்மு ஷாஹிர்."

"கண்ணாடி போட்டுத்தான் பாக்கறேன். மேல் வீட்டு ரெட்டைப் பசங்க இருக்காங்க. தீமா இருக்கா. போன வருஷமே வேற ஸ்கூலுக்குப் போன பையன்கூட இருக்கான். இவ மட்டும் இல்ல. உன் மிஷின்தானே, நீயே பாரு."

அவன் வாங்கிப் பார்த்தான். பள்ளி வண்டிகளுக்கான அந்த ஆப் அவனும் அவன் கூட்டாளிகளும் உருவாக்கியது. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளையை ஏற்ற முயன்றால் திரை சிவப்பாகும். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தவனும் அவன்தான். வழி தவறிய பிள்ளை தவறான வண்டியில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

"பேரு இல்லாட்டி என்ன, பொண்ணு இருக்காளே. ஏறுடி கண்ணு, முன் சீட்டுல உக்காரு," என்றார் உம்மு ஷாஹிர். பிறகு அவனிடமிருந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "உனக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெக்கணும். நீயும் ஒருத்தனுக்கு அபூ ஆனாத்தான் பிள்ளைங்க பேரு மறக்காது."

ஜுமானா படியில் நின்று, அம்மோ என்று தான் கூப்பிடும் சித்தப்பாவிடம் திரும்பினாள். "அம்மோ, நான் இந்த ஸ்கூல்ல இல்லையா?"

"இருக்கே. மிஷின் தூங்கி எழுந்திருக்கு. அவ்வளவுதான்."

பேருந்து கீழே வளைவில் திரும்புவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை மனதில் வார்த்தையாக்காமல் நின்றான். வார்த்தையாக்கினால் அது நடந்துவிட்டதாகிவிடும் என்பதுபோல. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டாம் மாடி பால்கனியில் இன்ஸாஃப் கறுப்பு உடையில் நின்றாள். கையில் அத்னானின் கைபேசி. இத்தனை வாரமும் அவள் அதை அணையவிடாமல் சார்ஜ் போட்டுவந்தாள்.

"ரஜாயி, இவரோட ஆப் திறக்க மாட்டேங்குது. புதுசாப் பதிவு பண்ணுங்கன்னு கேக்குது."

"பாக்கறேன், உம்மு ஜுமானா."

"அவர் தினமும் உம்மு ஷாஹிருக்குப் பேசி அனுப்பினதெல்லாம் அதுலதானே இருக்கு? கோடை முழுக்க எனக்குக் கேக்கத் தைரியம் வரல. ஸ்கூல் திறக்கட்டும், அவளை அனுப்பிட்டுத் தனியா உக்காந்து கேக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன்."

எடுத்து வைத்திருந்தேன் என்றாள். அலமாரியில் வைத்திருப்பதைச் சொல்வதுபோல.

"இருக்கும்," என்றான் அவன்.

அந்தக் குறிப்புகளை அவனும் ஆரம்ப நாட்களில் சோதனைக்காகக் கேட்டிருக்கிறான். பிள்ளையைப் பற்றி வண்டிக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் சில நொடிகள் பேசி அனுப்பலாம் என்று ஆப்பில் ஒரு வசதி. மற்ற தந்தையர் காய்ச்சல், பல் மருத்துவர், இன்று தாத்தா வீட்டில் இறக்கிவிடவும் என்று எப்போதாவது அனுப்புவார்கள். அத்னான் தினமும் அனுப்பினார். எழுதத் தெரியாதவர் இல்லை, எழுதப் பொறுமை இல்லாதவர். வாட்ஸ்அப்பில் அவர் யாருக்கும் பேசி அனுப்பியதில்லை, உயர்த்திய கட்டைவிரல் ஒன்றுதான் அவரிடமிருந்து வரும். ஆனால் தெருமுனையிலிருந்து திரும்பி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே உம்மு ஷாஹிரிடம் பேசுவார். 'உம்மு ஷாஹிர், இன்னைக்கு அவ கோவமா இருக்கா, ஜடை சரியா வரல, பேச்சுக் குடுக்காதீங்க, தானா சரியாயிடுவா.' 'பல்லு விழுந்திருக்கு, வாயத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்க, காட்டத்தான் காத்துட்டிருக்கா.' 'ஒண்ணும் இல்ல உம்மு ஷாஹிர். சும்மாதான். வண்டி வளைவுல திரும்பற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.'

வைப்தே மலையில் அவர்களுடைய அலுவலகம் ஒரு பழைய வீட்டின் மேல்தளம். ரஜாயி போய்ச் சேர்ந்தபோது ஹனாதி மட்டும் வந்திருந்தாள். கைபேசிகளில் ஓடும் ஆப் முழுவதும் அவள் எழுதியது. சர்வர் பக்கம் அவனுடையது. மேசைமீது பொட்டலத்தைப் பிரித்து ஸாதர் மூலிகைப்பொடி தடவிய ரொட்டியைப் பாதியாகக் கிழித்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் தொடவில்லை. சர்வரில் அண்ணனின் பதிவு எண்ணைத் தட்டினான். கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அந்த எண்ணுக்குக் கீழே ஜுமானாவைக் கேட்டான். கிடைக்கவில்லை. ஜுமானாவுக்குக் கீழே குறிப்புகளைக் கேட்டான். அது வேண்டாத வேலை என்று தெரிந்தே கேட்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே அறையின் வெள்ளைப் பலகையில் அந்த வரியை எழுதியது அவன். ஆப் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் சர்வரில் ஒரு முகவரி வேண்டும். எந்த முகவரிக்குள் எது அடங்கும் என்று முடிவுசெய்வதுதான் ஏபிஐ எனும் அந்த முகவரிகளின் வடிவமைப்பில் முதல் வேலை, திருத்துவதற்குக் கடினமான வேலையும் அதுவே. அவன் எழுதினான்: தந்தையர், சாய்கோடு, தந்தையின் எண், சாய்கோடு, பிள்ளைகள், சாய்கோடு, பிள்ளையின் எண், சாய்கோடு, குறிப்புகள். எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது. பள்ளிகள் அப்படித்தான் பதிகின்றன. அரசு தரும் குடும்பப் புத்தகமும் அப்படித்தான் இருக்கிறது, தந்தை மேலே, பிள்ளைகள் கீழே. உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டதாக நினைத்தான்.

"பிள்ளைக்குத் தனி வாசல் வேணும்," என்றாள் ஹனாதி அன்று.

"எதுக்கு? தகப்பன் இல்லாம பிள்ளை எங்கேருந்து வரும்?"

"அம்மாகிட்டேருந்து வரும், உஸ்தாத். ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அவள் விடவில்லை. எழுதுகோலை அவன் கையிலிருந்து வாங்கிப் பலகையில் பிள்ளையை முதலில் எழுதினாள். "போன வாரம் உன் அண்ணன் இனிப்பு எடுத்துட்டு வந்தாரே, கீழ காவல்காரன் என்ன சொல்லி மேல அனுப்பினான்? அபூ ஜுமானா வந்திருக்கார்னு. அவரோட பேரு எனக்கு இன்னும் தெரியாது. ஜுமானாவோட அப்பா, அவ்வளவுதான். இந்த ஊரே மூத்த பிள்ளை பேரச் சொல்லித்தான் அப்பனைத் தேடுது. நீ மட்டும் தலைகீழா எழுதறே."

"தெருவுல பேசறது வேற, சர்வர் வேற."

"தெருவுலதான் வண்டி ஓடுது."

அவன் அவளுடைய வரியை அழித்தான். அழித்த விதம் இப்போது நினைவுக்கு வந்தது. துணியைத் தேடாமல் உள்ளங்கையாலேயே அழித்தான். கை நீலமானது. பிறகு நீக்கும் விதியைப் பற்றிப் பேசினார்கள். தந்தையின் பதிவை நீக்கினால் அதற்குக் கீழே இருப்பவை என்ன ஆகும்? அவற்றை விட்டுவைத்தால் மேலே யாரும் இல்லாமல் தொங்கும். அவர்கள் தொழிலில் அப்படித் தொங்குபவற்றுக்கு அநாதைப் பதிவுகள் என்று பெயர். நல்ல அமைப்பு அவற்றை விட்டுவைக்காது. மேலிருப்பது போனால் கீழிருப்பதெல்லாம் கூடவே போகும் என்று அவன் எழுதினான். பள்ளிகளிடம் போய் விளக்கும்போதும் அதைப் பெருமையாகச் சொன்னான்: எங்களிடம் அழித்தால் அழித்ததுதான், உங்கள் பிள்ளைகளின் குரலும் வழித்தடமும் எங்கேயும் மிச்சம் கிடக்காது, காப்பு நகல்கூட ஒரு மாதத்தில் மேலெழுதப்பட்டுவிடும். தலைமையாசிரியைகள் தலையசைத்தார்கள்.

ஜூலையில், அத்னானின் நாற்பதாம் நாள் கழிந்த வாரத்தில், முடிக்க வேண்டிய காரியங்கள் எல்லாம் அவன் தலையில் இருந்தன. கடையின் உரிமம், அதன் மின் இணைப்பு, அதன் தொலைபேசி இணைப்பு. ஒவ்வொரு சன்னலிலும் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு, இறைவன் கருணை செய்யட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த சன்னலுக்குப் போகச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஒருநாள் இன்ஸாஃப் அழைத்தாள். அத்னானின் கைபேசிக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது, 'அபூ ஜுமானா, புதிய கல்வியாண்டுக்கான பதிவு தொடங்கிவிட்டது' என்று, ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போடுகிறது, அதை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். செய்தியை மட்டும் நிறுத்தியிருக்கலாம். ஒரு சிறிய குறி, அதை அணைத்திருந்தால் போதும். அவன் கணக்கையே மூடினான். முத்திரை வேண்டாம், வரிசை வேண்டாம், யாரும் அவன் முகத்தைப் பார்த்து அனுதாபப்பட வேண்டாம். அண்ணனின் சாவு தொடர்பாக அவன் கையால் உடனே செய்து முடிக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். ஒரே வரி. சர்வர் வெற்றி என்று சொல்லி, வேறு ஒன்றும் சொல்லாமல் வெற்றுப் பதில் அனுப்பியது. அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று அவனே அமைத்திருந்தான். நீக்கியபின் பேச என்ன இருக்கிறது. அன்று அவன் நாற்காலியில் சாய்ந்து, அந்த வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டது நன்றாக நினைவிருந்தது.

எழுதியவனுக்கே அது ஏன் நினைவுக்கு வரவில்லை? ரஜாயி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். அண்ணன் என்று நினைக்கும்போது அவனுக்கு அண்ணன் மட்டும்தான் தெரிந்தார். அந்த எண்ணுக்குக் கீழே ஒரு பெண் தன் பையோடு நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. வீட்டில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், சர்வரில் அவளைத் தனியாக ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் வைக்கவில்லை.

ஹனாதி அவனுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் சொல்லப்போவதற்காக அவன் காத்திருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"காப்பு நகல் பாத்தியா?"

"எல்லாம் ஆகஸ்டோடது, அழிச்சதுக்கு அப்புறம் எடுத்தது."

"சோதனைக்கு ஒரு சர்வர் இருந்துச்சே?"

"அதுல பொய்ப் பிள்ளைங்கதான். நாம உண்டாக்கின பேருங்க."

"உம்மு ஷாஹிர் போன்ல?"

"ஒரு தரம் கேட்டதும் அழிஞ்சிடும். இடம் அடைக்கக் கூடாதுன்னு நான்தான்..." அவன் முடிக்கவில்லை.

மதியம்வரை தேடினார்கள். இருக்கக்கூடிய இடங்கள் தீர்ந்தபின் இருக்க வழியில்லாத இடங்களிலும் தேடினார்கள். பதிவேட்டு வரிகளில் குறிப்புகள் வந்த நேரங்கள் மட்டும் கிடைத்தன, பேச்சு இல்லை. ஒவ்வொரு காலையும் ஏறக்குறைய ஒரே நேரம். கடைசி வாரத்தில் ஒருநாள் இரண்டு குறிப்புகள். ஏதோ சொல்ல மறந்து மறுபடி பேசியிருக்கிறார்.

"நீ அன்னைக்கே சொன்னே," என்றான் ரஜாயி.

"நான் அன்னைக்கு விவாகரத்தான அம்மாக்களை நெனச்சுச் சொன்னேன். இத நெனக்கல." அவள் ஆறிப்போன ரொட்டியைப் பொட்டலத்தில் மடித்தாள். "நெனச்சிருந்தா இன்னும் சத்தமாச் சொல்லியிருப்பேன். பலகைய விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்."

அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கீழே தெருவில் எரிவாயு வண்டி தன் மணிப்பாட்டை இசைத்துக்கொண்டு போய்த் தேய்ந்து மறைந்தது. பிறகு ஹனாதி எழுந்துபோய்ப் பலகையைத் துடைத்தாள். துணியால், ஓரம்வரை. நடுவில் பிள்ளை என்று எழுதினாள். அதன் இரு பக்கங்களிலும் கொஞ்சம் தள்ளி தந்தை, தாய் என்று எழுதி, மேலேயும் கீழேயும் இல்லாமல் பக்கவாட்டில் கோடு இழுத்தாள். எழுதுகோலை அவனிடம் நீட்டினாள்.

"குறிப்பு யாருக்குக் கீழ வரும்?"

"பிள்ளைக்கு," என்றான் அவன்.

"சொன்னவங்க போயிட்டா?"

அவன் எழுதுகோலை வாங்கிக்கொண்டான். "இருக்கணும். யாரு சொன்னதுங்கற பேரோட."

அன்று மாலை அவன் தபர்பூருக்குப் போனான். வாசற்கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். ஜுமானா தரையில் புது நோட்டுகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸாஃப் ஏலக்காய் மணக்கும் காப்பியை வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். கைபேசி அவள் மடியில் இருந்தது.

அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் சர்வர், பதிவு, நகல் என்று தொடங்கின. அவற்றில் எதையும் அவனால் சொல்ல முடியவில்லை.

"அவர் பேசினது போயிடுச்சு, உம்மு ஜுமானா. செய்தி வரக் கூடாதுன்னு கேட்டீங்களே, அன்னைக்குக் கணக்க மூடினேன். அதோட சேந்து எல்லாம் போயிடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

அவன் தலையை அசைத்தான். ஜுமானா கத்தரிக்கோலை நிறுத்தி இருவரையும் பார்த்தாள். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினாள், முன்னைவிட மெதுவாக.

"நான் கேட்டேன்னுதானே மூடினே," என்றாள் இன்ஸாஃப்.

"இல்ல. நீங்க சத்தத்தத்தான் நிறுத்தச் சொன்னீங்க."

அவள் கைபேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். அவனுடைய கோப்பையை எடுத்தாள். அவன் இன்னும் குடிக்கவில்லை. "ஆறிடுச்சு. வேற போடறேன்," என்று உள்ளே போனாள். அடுப்புப் பற்றும் ஒலிக்காக அவன் காத்திருந்தான். தண்ணீர் விழும் ஒலிக்காக, கரண்டி தட்டும் ஒலிக்காகக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, எதிர் மலை வீடுகளின் சன்னல்களில் ஏறிப் போனது.

"அம்மோ, என் பேரு வந்துடுச்சா?" என்றாள் ஜுமானா.

"நாளைக்கு வந்துடும். புது எண். இனிமே அது உனக்கே உனக்கு."

அவள் உறையின் மடிப்பை நகத்தால் நீவினாள். "நான் கோவமா இருந்தா உம்மு ஷாஹிருக்கு யாரு சொல்வாங்க?"

அவன் அவள் உறை போட்டு முடித்த நோட்டுகளை எடுத்து அடுக்கினான். காப்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கதவருகே நின்று, போய் வருகிறேன் என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான். "பாத்துப் போ," என்று பதில் வந்தது உள்ளேயிருந்து. குரல் சாதாரணமாக இருந்தது. படியிறங்கும்போது அண்ணன் இங்கேதான் மூச்சு வாங்கியிருப்பார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றியது.

மறுநாளே ஜுமானாவுக்குப் புது எண் கிடைத்தது. மொத்த ஏபிஐயையும் திருப்பிக் கட்ட அக்டோபர் ஆகிவிட்டது. பழைய முகவரிகளை நம்பியிருந்த ஆப்கள் உடையாமல், ஒவ்வொரு பள்ளியாக, ஒவ்வொரு வண்டியாக மாற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் சொந்த முகவரிக்கு வந்தார்கள். முதலில் மாறியது ஜுமானாவின் வண்டிதான். அவளுடைய முகவரிக்குப் பக்கத்தில் இன்ஸாஃபின் பெயரை ரஜாயி கோட்டால் இணைத்தான். ஆப் வேலை செய்கிறது என்று அவளுக்கு எழுதினான். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அது அத்னானின் கைபேசியிலிருந்து வந்திருந்தது.

மாற்றிய முதல் காலை அவன் சீக்கிரமே அலுவலகத்தில் இருந்தான். திரையின் வரைபடத்தில் வண்டி சரிவில் சின்னப் புள்ளியாக ஏறிவந்தது. இன்னொரு சன்னலில் ஜுமானாவின் குறிப்புகளைக் கேட்டான். ஒரு திறந்த அடைப்புக்குறி, ஒரு மூடிய அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. பிழை இல்லை, சரியான பதில்தான். இருக்கிறாள், அவளைப் பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

சற்று நேரத்தில் அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒன்று வந்து விழுந்தது. ஒரு நொடி நீளம். அனுப்பியவர்: இன்ஸாஃப். ஒரு நொடியில் யாரும் எதையும் சொல்ல முடியாது. அடுத்து இன்னொன்று, இரண்டு நொடி. அதன்பின் மறுபடி ஒரு நொடி. அவற்றின் அளவைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிந்தது, உள்ளே குரல் இல்லை. பால்கனியில் நின்று பொத்தானை அழுத்தி, வாயைத் திறந்து, விரலை எடுத்துவிடுகிறாள்.

திறந்து கேட்க அவனுக்கு வழி இருந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

புள்ளி தெருமுனைக்கு வந்து நின்றது. வழக்கமாக ஒரு பிள்ளை ஏறும் நேரத்தைத் தாண்டியும் நின்றது. பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி தோன்றி, அதன் நீளமும் கூடவே அளவும் ஏறிக்கொண்டே போயின. மூன்று நொடி, ஐந்து, எட்டு. அதற்காகவே போல, வண்டி நகராமல் நின்றுகொண்டிருந்தது.